வலப்பக்கம் வெட்டியிருக்க வேண்டிய ஓட்டை

தூசிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. குழந்தைகள் பூங்காவுக்கான சறுக்குகளும் தண்ணீர்த் தொட்டிகளும் செய்யும் ஃபைபர் பட்டறையில் அவனுக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. புருவத்திலும் காது மடலிலும் வெள்ளைப் பொடியோடுதான் வீட்டுக்கு வருவான். "வந்துட்டார்யா தூசி" என்று ஒருநாள் அண்ணி சொன்னார். பொடியாவது குளித்தால் போகும், பெயர் போகவில்லை.

அவனுக்குப் பன்னிரண்டு வயதில் அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்தார்கள். பதினான்கு வயது மூத்த அண்ணன்தான் வளர்த்தார். லேத் பட்டறையில் வேலை பார்த்து, தம்பியைப் படிக்க வைத்தார். தம்பிக்குக் கல்லூரிப் படிப்பு ஏறவில்லை என்றதும் கையைப் பிடித்துக்கொண்டு போய் ஃபைபர் பட்டறையில் சேர்த்துவிட்டார். அண்ணன் முன்னால் தூசி இன்றுவரை கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததில்லை.

அண்ணனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கிறுக்கு. சொந்தக் கையால் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் கட்ட வேண்டும். பதினான்கு வருஷம் கட்டினார். உடைத்துப்போட இருந்த ஒரு காரின் அடிச்சட்டத்தை வாங்கி, கொல்லைப்புறத் தகரக் கொட்டகையில் வைத்து, மேலே ஃபைபரில் உடம்பு வார்த்தார்கள். வார்ப்பு வேலை முழுக்கத் தூசியுடையது. உடம்பு வெளியே வந்ததும் அச்சு கொட்டகையை அடைத்துக்கொண்டு நின்றது. இடம் வேண்டுமே என்று அண்ணனே சம்மட்டியால் அதை உடைத்துப்போட்டார். இரண்டு பேர் உட்காரும் மஞ்சள் கார், இடுப்பளவுதான் உயரம்.

"இதுல ஏறணும்னா முதல்ல தரையில படுக்கணும்" என்பார் அண்ணி. அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பதினெட்டுக் குழந்தைகள், தினமும் நான்கு நடை. ஊரில் அவரைவிடச் சுத்தமாக ரிவர்ஸ் எடுக்கிறவர்கள் குறைவு. ஆனால் மஞ்சள் காரின் ஸ்டியரிங்கை அண்ணன் ஒருநாளும் அவர் கையில் கொடுத்ததில்லை. அவரும் கேட்டதில்லை.

எல்லாம் முடியும் தறுவாயில் பழைய எஞ்சினில் விரிசல் விழுந்தது. தேடிப் பிடித்து வேறொன்றை இறக்கினார்கள். அதன் ஏர் ஃபில்டர் வலது பக்கமாக மூன்று விரல் மேலே எழும்பி நின்றது. பானட் மூடவில்லை. அந்த இடத்தில் பானட்டை வெட்டி, மேலே காற்று வாங்கும் ஸ்கூப் ஒன்றைப் பொருத்தினால்தான் மூடும். அண்ணன் அதை மூக்கு என்றார். தூசி தெர்மோகோலில் மூக்கைச் செதுக்கி, அதன்மேல் ஃபைபர் போட்டு, தேய்த்து, அலமாரியில் தயாராக வைத்துவிட்டான். வெட்டுவதுதான் பாக்கி.

அவசரம் அண்ணனுக்குத்தான். அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு ஐம்பத்தெட்டு முடிகிறது. அன்றோடு லைசென்சும் முடிகிறது.

"அடுத்தது கண் டாக்டர் கையெழுத்து இல்லாம தர மாட்டாங்க. அவர் போட மாட்டார்" என்றார் அண்ணன். "கொஞ்சம் மங்கல்தான். ஆனா ரூல்ஸ் ரூல்ஸ்தானே. ஒரே ஒரு தடவை ரோட்டுல ஓட்டிட்டு சாவியை உங்க அண்ணி கையில குடுத்துடறேன். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடுடா."

கண் அசதி என்று சொல்லி அவர் லேத் வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. தூசி பட்டறையில் ஒரு வாரம் லீவு போட்டான்.

திங்கட்கிழமை காலை ஏர் ஃபில்டர் மேல் களிமண் உருண்டைகளை வைத்து, பானட்டை மெல்ல இறக்கி அழுத்தினான். களிமண் ஒட்டிய இடம்தான் வெட்ட வேண்டிய இடம். பானட்டைக் கழற்றி ஸ்டாண்டில் கவிழ்த்துப் போட்டான். நடுக்கோட்டிலிருந்து டேப் பிடித்து அளந்தான். 'இடது, பதினொன்று' என்று கையிலேயே பேனாவால் எழுதிக்கொண்டான். பானட்டைத் திரும்ப நிமிர்த்தி, இடது பக்கம் பதினொரு சென்டிமீட்டரில் கோடு போட்டு, கிரைண்டரை எடுத்தான்.

வெட்டி முடித்து, துண்டைக் கையில் எடுத்து, முகமூடியைக் கழற்றி, காரைப் பார்த்தான். எஞ்சின் வலது பக்கம் எழும்பி நின்றது. ஓட்டை இடது பக்கம் இருந்தது.

கவிழ்த்துப் போட்டால் இடது வலதாகும். முதல் வாரம் வேலைக்கு வருகிறவனுக்கும் தெரிந்த விஷயம் அது. அச்சு இல்லை, வேறு பானட் வார்க்க வழியில்லை. வெட்டிய துண்டைத் திரும்ப ஒட்டலாம். அதற்கு விளிம்பைச் சரிவாகத் தேய்த்து, இரண்டு பக்கமும் கண்ணாடி இழை மேட் போட்டு, இறுக விட்டு, அப்புறம் வலது பக்கம் புதிதாக வெட்டி... விரல்விட்டு எண்ணினான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை இழுக்கும், அதுவும் எதுவும் தப்பாமல் இருந்தால். துண்டை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கிரைண்டர் சத்தம் நின்றதைக் கேட்டு அண்ணன் வந்தார். சுவரை ஒட்டி, விரல் நுனியால் தகரத்தைத் தடவிக்கொண்டே வந்தார். தூசி எழுந்து நின்றான். சொல்லிவிட வேண்டும். 'அண்ணா, கெடுத்துட்டேன்' என்ற இரண்டு வார்த்தை போதும். அதற்குள் அவர் பானட்டை எட்டிவிட்டார்.

அண்ணன் பானட்டின் முன்னால் நின்று தலையை ஒருபக்கம் சாய்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லா வெட்டியிருக்க. எஞ்சினுக்கு நேரா அளவெடுத்த மாதிரி உக்காந்திருக்கு. இதுக்குத்தான் உன்கிட்ட விட்டேன்."

தோளில் தட்டப்போனார். கை தோளைத் தாண்டிக் காற்றில் விழுந்தது. அதைத் தலைகோதுவதுபோல மாற்றிக்கொண்டு திரும்பிப் போனார்.

தூசிக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அதை நினைத்து அவன் பிறகு எத்தனையோ நாள் வெட்கப்பட்டிருக்கிறான். அடுத்த மூச்சில் விஷயம் புரிந்தது. உள்ளங்கையைவிடப் பெரிய ஓட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று இந்த மனிதருக்குத் தெரியவில்லை. செய்தித்தாளைக் கண்ணுக்குப் பக்கவாட்டில் பிடித்துப் படிப்பது, பேசும்போது முகத்தைப் பார்க்காமல் காதுக்குப் பின்னால் பார்ப்பது, படியில் இறங்கும் முன் காலால் தேடுவது என்று எத்தனையோ பார்த்திருந்தான். வயசானவர் வழக்கம் என்று நினைத்திருந்தான்.

வெள்ளிக்கிழமைக்குள் இதை முடித்தால், இவரைத்தான் ரோட்டில் ஏற்ற வேண்டும். முடிக்காவிட்டால் பதினான்கு வருஷத்தை அவர் முகத்துக்கு நேராகக் குப்பையில் கொட்ட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை முழுக்க விளிம்பைத் தேய்த்தான். மதியம் அண்ணி நடைக்கு நடுவில் வந்து வேன் சீட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். தூசி போய்ப் பக்கத்தில் நின்றான்.

"என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"வெள்ளிக்கிழமை முடிஞ்சிடும்ல? மனுஷன் ரெண்டு நாளா தரையில கால் பாவாம திரியறார். சட்டையைக்கூட அவரே இஸ்திரி போட்டு மாட்டி வெச்சிருக்கார். நம்ம கல்யாணத்துக்கே இப்படிப் போடலையேன்னு கேட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு அவனால் சொல்ல முடியவில்லை.

கொட்டகைக்குத் திரும்பினான். துண்டைப் பொருத்தி, கண்ணாடி இழை மேட்டைக் கிழித்து வைத்து, ரெசினை ஊற்றினான். ரெசின் இறுக வேண்டுமானால் அதில் அளவாக ஹார்டனர் கலக்க வேண்டும். பாட்டில் கையெட்டும் தூரத்தில் இருந்தது. தூசி அதைத் தொடவில்லை. ஹார்டனர் இல்லாத ரெசினை அடுக்கடுக்காகப் பூசி, ரோலரால் குமிழி எடுத்து, ஒழுங்காக வேலை செய்கிறவன்போலச் செய்து முடித்தான். அது ஒரு வாரம் ஆனாலும் தேன் மாதிரியே கிடக்கும்.

புதன்கிழமை காலை அண்ணன் வந்து பானட்டைத் தொட்டார். விரல் ஒட்டியது. முகர்ந்து பார்த்தார். இரண்டு விரலையும் சேர்த்துப் பிரித்துப் பார்த்தார். அவருக்குக் கண்தான் போயிருந்தது. விரல் லேத் பிடித்த விரல்.

"ஹார்டனர் தீர்ந்துடுச்சா?"

"இருக்கு."

"மறந்துட்டியா?"

தூசி ரோலரை எடுத்துத் துடைத்தான்.

"இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவை மறந்திருக்கியா நீ?"

"இல்ல."

அண்ணனின் கை பானட்டின்மேல் மெதுவாக நகர்ந்தது. ஈரம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்று தேடியது. வலது பக்கம் வழவழப்பாக இருந்தது. அங்கே ஓட்டையும் இல்லை, மூக்கும் இல்லை.

"திங்கட்கிழமை தப்பான பக்கம் வெட்டிட்டேன் அண்ணா" என்றான் தூசி. "நீங்க பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொன்னீங்க."

அண்ணன் விரல்களைத் துணியில் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"பானட் இல்லாம கார் ஓடாதுன்னு யார் சொன்னா?" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்றே அண்ணியிடம் சொல்லியிருக்க வேண்டும். பேட்டரியையாவது கழற்றியிருக்க வேண்டும். வியாழக்கிழமை முழுக்க அண்ணன் அறையை விட்டு வெளியே வரவில்லை. அடங்கிவிட்டார் என்று தூசி தன்னையே ஏமாற்றிக்கொண்டான். ஒட்டிய மேட்டையெல்லாம் உரித்து, அசிட்டோனால் துடைத்து, இந்தமுறை ஹார்டனர் கலந்து வேலையை ஒழுங்காகத் தொடங்கினான்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு அண்ணி பள்ளிக்கூட நடைக்குக் கிளம்பினார். தூசி பின்பக்கக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தான். எஞ்சின் கிளம்பும் சத்தம் கேட்டது.

ஓடினான். கொட்டகைக் கதவு விரியத் திறந்திருந்தது. பானட் இல்லாத மஞ்சள் கார் எலும்பு தெரிய உறுமிக்கொண்டிருந்தது. அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தூசி வாசலுக்கு நடுவில், காருக்கு நேர் எதிரே போய் நின்றான். கத்தவில்லை. என்னைப் பார்த்தால் நிறுத்திவிடுவார் என்று நினைத்தான்.

கார் நகர்ந்தது.

அண்ணன் அவனை நேராகப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை, பிடிவாதம்கூட இல்லை, சந்தோஷம் இருந்தது. அப்போதுதான் தூசிக்கு உறைத்தது. தான் நின்ற இடம் அவருக்கு வெறும் வெளிச்சம்.

"அண்ணா!"

கார் குலுங்கி, எஞ்சின் அணைந்து நின்றது. ரேடியேட்டர் தூசியின் முழங்காலைத் தொட்டது. அவன் இரண்டு கையையும் எஞ்சினின் சூடேறிய புகைக்குழாய் மேல் ஊன்றியிருந்தான். உள்ளங்கை பொரிந்தது அப்புறம்தான் தெரிந்தது.

"எங்க நிக்கற?" என்றார் அண்ணன்.

"உங்க முன்னாலதான்."

"எவ்ளோ கிட்ட?"

தூசி அழுதுகொண்டிருந்தான்.

அண்ணன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "நடுவுல ஒண்ணுமே தெரியலடா. ஓரம்தான் தெரியுது. ரெண்டு வருஷமா உன் மூஞ்சியை நான் பாக்கல." கொஞ்சம் பொறுத்து, "ஒரு தடவைதானே கேட்டேன்" என்றார். அதை யாரிடம் சொன்னார் என்று தூசிக்குத் தெரியவில்லை.

நாலரை மணிக்கு அண்ணி வந்தபோது இருவரும் அப்படியே இருந்தார்கள். அண்ணன் காருக்குள், தூசி தரையில். அண்ணன்தான் சொன்னார், ஒன்றையும் மறைக்காமல். அண்ணி கேட்டு முடித்து, குனிந்து சாவியை உருவிக்கொண்டார். தூசியின் கையைப் பார்த்து, தண்ணீர்க் குழாய்க்கு இழுத்துப் போனார். அன்றைக்கு அவர் இரண்டு பேரையுமே திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

கை ஆறிய பிறகு, அடுத்த மாதம், தூசி வலது பக்கம் வெட்டி மூக்கைப் பொருத்தினான். மூன்று முறை அளந்தான். அண்ணன் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மஞ்சள் பெயிண்ட் காய்ந்து, பானட் விரல்நுனித் தள்ளலில் 'டக்' என்று மூடியபோது அதைப் பார்க்க ஆளில்லை.

காரை முதலில் ரோட்டில் ஓட்டியது அண்ணிதான். உயரம் போதாமல் மூக்கு ரோட்டை மறைத்தது. வேனிலிருந்து குஷன் எடுத்துப் போட்டுக்கொண்டார். அண்ணனைக் கூப்பிட்டார்; வர மாட்டேன் என்றார். அடுத்த ஞாயிறும் கூப்பிட்டார். ஏழாவது ஞாயிறு, கூப்பிடாமலே வந்து கதவைத் தடவித் திறந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

"கிளட்ச்ச மெதுவா விடு" என்றார்.

"பதினெட்டுப் புள்ளைங்களக் கூட்டிட்டுப் போறவ நான். வாயை மூடிட்டு வாங்க" என்றார் அண்ணி.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் போய்விட்டு வருகிறார்கள். தூசி வாசலில் நின்று பார்ப்பான். அண்ணன் அவனோடு பேசுகிறார்; சாப்பிட்டாயா, வேலை எப்படி என்று கேட்கிறார். காரைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. மூக்கு நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்று கேட்கத் தூசிக்கும் இன்னும் தைரியம் வரவில்லை.