தொட்டி நிறையும் வரை

எங்கள் ஏரியில் தண்ணீர் கிடையாது. ஆனால் அது ஒரு வெற்றிக்காக வெட்டிய ஏரி. மீன்சுருட்டிப் பக்கம் பிறந்த யாரைக் கேட்டாலும் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். நடுவில் ஒரு ‘ஆனால்’ உட்கார்ந்திருப்பது யாருக்கும் உறைக்காது. எனக்கு உறைக்க நாற்பது வயதானது.

பள்ளிக்கூடத்து வாத்தியார் அந்தக் கதையை வருஷத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவார். சோழ ராஜா ஒருவன் வடக்கே படை அனுப்பி, கங்கைக்கரை வரைக்கும் ஜெயித்தான். தோற்றுப்போன ராஜாக்களின் தலையில் கங்கைத் தண்ணீரைக் குடம் குடமாக ஏற்றி, நம் ஊர்வரைக்கும் சுமக்கவைத்து, இந்த ஏரியில் ஊற்றவைத்தான். மற்ற ராஜாக்கள் ஜெயித்தால் கல்லிலே தூண் நடுவார்கள், இவன் தண்ணீரிலே நட்டான். இதைச் சொல்லும்போது வாத்தியாருக்குக் கழுத்து நரம்பு புடைக்கும். நான் வாயைத் திறந்தபடி கேட்பேன். ஜன்னலுக்கு வெளியே அந்தத் தூண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். எங்கள் ஆடுகள் அதில் மேயும்.

உலகச் சண்டை முடிந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் ஆளுக்கொரு மிட்டாயும் காகிதக் கொடியும் கொடுத்தார்கள். “ஜெர்மன்காரன் தோத்துட்டான், ஜப்பான்காரனும் தோத்துட்டான். இனிமே ஒலகத்துல சண்டைங்கற பேச்சே கெடையாது” என்று வாத்தியார் அறிவித்தார். நான் பாதி மிட்டாயைக் கடித்துக்கொண்டு மீதியைப் பாவாடை நுனியில் முடிந்துவைத்தேன். சண்டையே கிடையாது என்றால் வெற்றிக்கு எங்கே போவது? வெற்றி இல்லாமல் மிட்டாய் யார் கொடுப்பார்கள்? வீண் கவலை. அதற்கப்புறம் ரேடியோவில் எத்தனையோ வெற்றிகள் வந்தாயிற்று. என் பிள்ளைகளும் மிட்டாய் தின்றிருக்கிறார்கள்.

அடுத்த தை மாதம் மாமா வந்தார், அம்மாவின் ஒரே தம்பி. பர்மா எல்லையிலிருந்து எத்தனையோ ரயில் மாறி வந்தவர், ஒரு தகரக் குவளை, ஒரு சாம்பல் நிறக் கம்பளி, ஒரு ஜோடி பூட்ஸ் இவற்றோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். அம்மா ஓடிப்போய் அவர் இரண்டு கையையும் பிடித்து விரல்களைத் தடவிப் பார்த்தாள். பத்தும் இருந்தன. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

மாமாவைப் போல ஒரு வேடிக்கையான மனிதரை நான் பார்த்ததில்லை. கிடாவுக்கு எதிரே விறைப்பாக நின்று சலாம் வைப்பார். அது தலையை ஆட்டினால், “துரை லீவு குடுத்துட்டாரு” என்பார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத அன்று அடுப்படிக்குள் புகுந்தார். வீட்டில் நாங்கள் நாலு பேர். அவர் இருபது பேருக்குச் சோறு வடித்துவைத்திருந்தார். அப்பா மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி மூடினார். மூன்று நாள் பழையது தின்றோம்.

பட்டாளத்துக்குப் போய்வந்தவர் இப்படி இருந்தது எனக்குப் பெரிய ஏமாற்றம். “மாமா, நீங்க சண்டையே போடலியா?” என்று கேட்டேன்.

“நான் சோறு வடிச்சவன் தங்கம். காலையில இத்தனை பேருக்குன்னு சொல்லுவாங்க, வடிப்பேன்.”

“அப்புறம்?”

“சாயங்காலம் சோறு மிஞ்சிப்போவும்.”

கொடுத்துவைத்தவர் என்று நினைத்தேன். ரேஷன் அரிசிக்குக் கால்கடுக்க நிற்கும் ஊரில் சோறு மிஞ்சுகிற இடமும் இருக்கிறதே என்று.

மாமாவிடம் இருந்த ஒரே குறை, அவர் தூங்கமாட்டார். சுவரில் சாய்ந்து, திறந்த கண்ணோடு உட்கார்ந்திருப்பார். “படுடா தம்பி” என்பாள் அம்மா. “படுக்கறேங்க்கா” என்பார், அசையமாட்டார். கசகசாப் பால், உச்சியில் விளக்கெண்ணெய், கையில் கறுப்புக் கயிறு எல்லாம் ஆயிற்று. பகலில் அம்மா மிளகாய் இடிக்கும்போது சில சமயம் அவர் தலை லேசாகத் தொங்கும். ஐயோ, தூங்குகிறானே என்று அம்மா உலக்கையை நிறுத்துவாள். அந்த நொடியே மாமாவுக்குத் தூக்கிவாரிப்போடும். இடிக்கிற சத்தத்தில் விழிக்காத மனிதர், சத்தம் நின்றால் விழித்துக்கொண்டார். அம்மாவுக்கு அது பிடிபட ரொம்ப நாளாயிற்று. மாதத்துக்கு மாதம் மாமாவின் கன்னம் உள்ளே போய்க்கொண்டிருந்தது. “இவன முழுசாத்தான் அனுப்பிவச்சாங்களா?” என்று அம்மா ஒருநாள் அடுப்பைப் பார்த்துக் கேட்டாள்.

எனக்கு அப்போது வேறு வேலை இருந்தது. நான் ஒரு போரில் இருந்தேன்.

சித்திரை வெயிலில் அந்தப் பெரிய ஏரி முழுவதிலும் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு குட்டை. கரைக்கு இந்தப் பக்கம் எங்கள் ஊர், அந்தப் பக்கம் இன்னொரு சிற்றூர். இரண்டு ஊர் ஆடுகளும் அதில்தான் வாய் வைக்கவேண்டும். எங்களுக்காவது கொல்லையில் ஒரு கிணறு இருந்தது. அந்த ஊர்க் கிணறு பங்குனியிலேயே கைவிட்டுவிட்டது. அவர்களுடைய தலைவன் என் வயதுப் பையன், முன்பல் இரண்டும் விழுந்தவன். ஓட்டைப்பல் என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் படைக்கு நான் தளபதி. ஒன்பது வயது, இரட்டைச் சடை, தூக்கிச் செருகிய பாவாடை. என் தொண்டைக்குப் பயந்து பையன்கள்கூட என்னைத் தளபதி ஆக்கியிருந்தார்கள்.

முதலில் வசவு, பிறகு மண்ணுருண்டை. பத்து நாள் ஆகியும் யாரும் ஜெயித்தபாடில்லை. பதினோராம் நாள் எனக்கு ஒரு யுக்தி தோன்றியது. மாமாவின் பூட்ஸை எடுத்து, உள்ளே கந்தல் துணி அடைத்து, காலில் மாட்டிக்கொண்டேன். கரையின் மறைவில் நின்று, வெடித்த மண்ணில் தொம் தொம்மென்று மிதித்தேன். “பட்டாளத்தான் வர்றான்டோய்!” என்று எங்கள் பையன்கள் கத்தினார்கள். எதிரிப்படை ஆடுகளைக்கூட விட்டுவிட்டு ஓடியது. ஓட்டைப்பல் மட்டும் திரும்பி வந்து ஒரு குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான்.

குட்டை எங்களுடையதாயிற்று. வீட்டுக்கு வந்து பூட்ஸைப் பெருமையாக மாமா முன்னால் கழற்றிவைத்தேன். அவர் சிரிக்கவில்லை. அதிலிருந்த சேற்றைச் சுரண்டி, துடைத்து, பரண்மேல் என் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தார்.

ஜெயிப்பதைவிட ஜெயித்ததைக் காப்பது பெரும் தொல்லை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை குட்டையைச் சுற்றி ஆள் நிற்கவேண்டியிருந்தது. முறைபோட்டுத்தான் கூழ் குடித்தோம். கிட்டிப்புள் போயிற்று, இலுப்பைப்பூ பொறுக்குவது போயிற்று. அவர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு எங்கோ இரண்டு மைல் தள்ளிப் போவதைத் தூரத்துப் புழுதியில் பார்த்தோம். ஒரு சொட்டுகூட எதிரிக்குப் போகாமல் காத்தோம். ஆனால் வெயிலுக்குக் காவல் போட எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு வாரத்தில் எங்கள் கையில் இருந்தது நல்ல கறுப்புச் சேறு. அதையும் இரண்டு நாள் காவல் காத்தோம்.

பிறகு மாமாதான் எங்கள் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துவந்து, இலுப்பை மரத்தடியில் கிடந்த ராஜா காலத்துக் கல்தொட்டியில் ஊற்றி ஆடுகளுக்குக் காட்ட ஆரம்பித்தார். எருமை படுக்கிற அளவுக்கு நீளமான தொட்டி. நான் உடனே காவலை அங்கே மாற்றினேன். எங்கள் ஆடுகள் குடித்தது போகத் தொட்டியில் பாதித் தண்ணீர் நிற்கும். மாமா அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். “மிஞ்சுதே” என்பார். மிஞ்சினால் நல்லதுதானே என்பேன்.

ஒருநாள் உச்சி வேளையில் கூழ் குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், தொட்டியில் எதிரியின் ஆடுகள்! வரிசையாக, வாலை ஆட்டிக்கொண்டு. மாமா அவற்றுக்குச் சீழ்க்கை அடித்துக்கொண்டிருக்கிறார். ஓட்டைப்பல் அந்தக் குட்டியைத் தொட்டி விளிம்பில் தூக்கிப் பிடித்திருக்கிறான். குட்டிக்குக் கால் நிற்கவில்லை.

துரோகம். என் சொந்த மாமா.

அங்கேயே விசாரணை வைத்தேன். எங்கள் படை ஒரு பக்கம், எதிரிப் படை ஒரு பக்கம். மாமா நடுவில் விறைப்பாக, கிடாவுக்கு முன் நிற்பாரே அதேபோல நின்றார். மாமாவை எப்போதும் ‘நீங்க’ என்றுதான் சொல்வேன். விசாரணை முடியும்வரை ‘நீ’ என்பது என்று முடிவு செய்தேன்.

“நீ எந்தக் கட்சி?”

“சமையக்கட்டுக் கட்சிங்க.”

பையன்கள் சிரித்தார்கள். “சிரிக்காதீங்கடா! எதுக்கு அவங்களுக்குத் தண்ணி காட்டுன?”

“மிஞ்சுச்சுங்க தளபதி.”

குற்றம் ருசுவாகிவிட்டது. தண்டனைக்கு நான் யோசிக்கவே இல்லை. வாத்தியார் சொல்லித்தந்தது தயாராக இருந்தது. தோற்ற ராஜாக்களைப் போலத் தலையில் குடம் ஏற்றித் தண்ணீர் சுமக்கவேண்டும். இந்தத் தொட்டி நிறையும் வரை.

மாமா பணிவாகக் குனிந்தார். “உத்தரவு. ஆனா ஒரு சந்தேகங்க. தோத்தவன்தான சொமக்கணும்? நான் ஒருத்தன் செஞ்சா கணக்கு எப்படிச் சரியாவும்? இவங்களும் தோத்தவங்கதான?”

எவ்வளவு நியாயமான பேச்சு! இது எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று என்று வெட்கமாகக்கூட இருந்தது. “ஏய் ஓட்டைப்பல்! ஒங்க ஊர்ல எத்தனை கொடம் இருக்கு?” என்றேன்.

“ஏன், பொண்ணு பாக்க வர்றியா?” என்றான் அவன். பிறகு கிணற்றுப் பக்கம் பார்த்தான், குட்டியைப் பார்த்தான். “பதினஞ்சு தேறும்” என்றான்.

அன்று மத்தியானம் எங்கள் ஊரில் நடந்த ஊர்வலத்தைக் கண்டால் அந்தச் சோழ ராஜாவே பொறாமைப்பட்டிருப்பான். மாமா கிணற்றில் இறைத்து இறைத்து ஊற்ற, மண்குடம், பித்தளைத் தவலை, ஓட்டைச் செம்பு என்று கிடைத்ததையெல்லாம் தலையில் ஏற்றிக்கொண்டு தோற்றவர்கள் வந்தார்கள், போனார்கள். நான் தொட்டி விளிம்பில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் எங்கள் பையன்கள், “நாங்க மட்டும் சும்மா நிக்கணுமா?” என்று குடத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். ஜெயித்தவன் சுமக்கக்கூடாது என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. இரண்டு ஊர் ஆடுகளும் தொட்டியைச் சூழ்ந்துகொண்டன. ஊற்ற ஊற்றக் குடித்தன. மாமா கடைசிக் குடத்தைத் தானே சுமந்துவந்து ஊற்றினார். அதையும் குடித்துவிட்டு ஆடுகள் அடிக்கல்லை நக்கின.

மாமா தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். இரண்டு கையையும் உள்ளே விட்டு, ஈரக் கல்லைத் தடவிப் பார்த்தார். பத்து விரலாலும்.

“தங்கம், மிச்சமே இல்லடி” என்றார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. “ஒரு வாய்கூட மிஞ்சல.”

அப்படியே இலுப்பை மரத்தடியில் சாய்ந்தார். சாய்ந்தவர் சரிந்தார். சரிந்தவர் தூங்கிப்போனார், வாய் கொஞ்சம் திறந்திருக்க, சட்டையெல்லாம் தண்ணீராக.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தொட்டி காலி; தண்டனை அப்படியே பாக்கி; கைதி உறங்குகிறார். எழுப்பப் போனேன். எங்கிருந்தோ வந்த கை என் வாயைப் பொத்தியது. அம்மா. மாமாவுக்குக் கூழ் கொண்டுவந்தவள் தலையிலிருந்த கலயத்தை இறக்கிக்கூட வைக்காமல் நின்றாள். அவளைப் பார்த்து இரண்டு படைகளும் கப்பென்று அடங்கின. ஏரி முழுவதும் ஒரு சத்தமில்லை.

மாமாவின் இமை துடித்தது. கை மண்ணைப் பற்றியது.

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. என் வாயை விட்டாள். “சும்மா நிக்காதீங்க” என்று கிசுகிசுத்தாள். “கத்துங்க. ஏதாவது கத்துங்கடா. தங்கம், கத்துடி!”

அதட்டுகிற அம்மாவைத் தெரியும். கத்தச் சொல்லிக் கெஞ்சுகிற அம்மாவை அன்றுதான் பார்த்தேன். என்ன கத்துவது? ஓட்டைப்பல்தான் முதலில் ஆரம்பித்தான், வாத்தியாருக்குச் சொல்வதுபோலக் கைகட்டிக்கொண்டு: “ஓரெண்டு ரெண்டு! ஈரெண்டு நாலு!” நாங்களும் சேர்ந்துகொண்டோம். ஆடுகள் கத்தின. பொழுது சாயும்வரை இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் தொண்டை கட்டக் கட்ட வாய்ப்பாடு சொன்னோம். பதினாறாம் வாய்ப்பாட்டில் எங்களுக்குள் தகராறுகூட வந்தது. அம்மா தலையில் கலயத்தோடேயே உட்கார்ந்து, முந்தானையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். மாமா அசையவில்லை.

அதற்குப் பிறகு மாமா தினமும் தூங்கினார் என்று எழுத ஆசைதான். அப்படியெல்லாம் இல்லை. சில நாள் தூங்கினார், பல நாள் சுவரில் சாய்ந்தே இருந்தார். ஆனால் அம்மா அதன் பிறகு உலக்கையை நிறுத்துவதில்லை. இடிக்க மிளகாய் இல்லாத நாளில் வெறும் உரலை இடித்தாள். பக்கத்து வீட்டுக்காரிகள் அவளுக்குப் பித்து என்றார்கள். மழை வரும்வரை குடங்களும் வந்துபோய்க்கொண்டிருந்தன. தொட்டி ஒருநாளும் நிறையவில்லை.

அது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. ஒரு ராஜா ஏரியையே நிரப்பியிருக்கிறான். என்னால் ஒரு தொட்டியை நிரப்ப முடியவில்லையே. பள்ளிக்கூடம் திறந்து வாத்தியார் மறுபடியும் அந்தக் கதையை எடுத்தபோது நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். அந்தப் போரில் தோற்றது நான்தான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.