நன்றி: இணையம்

எங்கள் பத்திரிகையின் இணையதளத்தில் ‘வலைப்பூ’ என்று ஒரு பகுதி தொடங்கியபோது, வாரம் ஒரு கருத்துக் கட்டுரை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மதுரை அலுவலகத்தில் அதுவரை அடுத்தவர் எழுதிய செய்திக்குத் தலைப்பு வைத்துக்கொண்டிருந்தவன் நான். எனக்கென்று ஒரு கருத்து இருந்ததாகவே நினைவில்லை. “பிளாக் எழுதுறவங்க மாதிரி சும்மா எழுதுங்கண்ணே, அம்புட்டுதான்” என்றார் இணையப் பிரிவின் பொறுப்பாளர்.

அவர்கள் எப்படித்தான் எழுதுகிறார்கள் என்று தேடியபோது வாடிப்பட்டிக்காரர் ஒருவரின் வலைப்பூ கண்ணில் பட்டது. போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். எழுத்துப்பிழை மலிந்த எழுத்து. திருத்த ஆள் ஏது? ஆனால் தான் பார்த்ததை மட்டும்தான் எழுதுவார். ஊருக்குள் வராத பேருந்து பைபாசில் இறக்கிவிட்டுப் போனதையும், ஆபரேஷன் முடிந்த மனைவி வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு வெயிலில் வீடுவரை நடந்ததையும் எழுதியிருந்தார்.

அன்றைக்கு எனக்கு எழுத ஒன்றும் இல்லை. பிழைகளைத் திருத்தினேன். அவர் மனைவியை ‘ஒரு பெண்மணி’ ஆக்கினேன். மேலே என் பெயர். கீழே, ஊர் பேர் தெரியாத துணுக்குகளுக்கு எங்கள் ஆபீசில் வழக்கமாகப் போடும் ‘நன்றி: இணையம்’. அதைப் போட்டதும் மனசாட்சி வாயை மூடிக்கொண்டது.

கட்டுரையைப் பலரும் பகிர்ந்தார்கள். திருநகரில் என் பக்கத்து வீட்டுக்காரர், “அந்தம்மா நடந்ததைப் படிக்கையில கண்ணு கலங்கிருச்சு சார்” என்று கை கொடுத்தார். நானும் வெட்கமில்லாமல் கையை நீட்டினேன்.

இரண்டு நாள் கழித்து ஆபீசுக்குப் போன் வந்தது. வாடிப்பட்டிக்காரர். குரலில் கோபமே இல்லை.

“நல்லா வந்திருக்குண்ணே. இணையம்னு போட்டிருக்கீங்க. நான் வாடிப்பட்டிலதான்ணே இருக்கேன். பேரைப் போட்டா வீட்ல சந்தோஷப்படுவா.”

“ஆசிரியர்ட்ட கேட்டுட்டுச் சொல்றேண்ணே” என்றேன். ஆசிரியரைக் கேட்க வேண்டியதே இல்லை. என் மேசையிலேயே இரண்டு நிமிட வேலை. ஆனால் அவர் பெயரைப் போட்டால் என் பெயரை எடுக்க வேண்டும். யாரையும் கேட்கவில்லை, அவரைத் திரும்பக் கூப்பிடவும் இல்லை.

சில வாரங்கள் கழித்து அவருடைய வலைப்பூவைத் திறந்தேன். அந்தப் பதிவின் கீழே யாரோ, “பேப்பர்ல வந்ததை அப்படியே சுட்டுப் போட்டிருக்கீங்களே” என்று எழுதியிருந்தார். வேறு இருவர் அதற்கு ஆமாம் போட்டிருந்தார்கள். எது முதலில் வந்தது என்று ஒருவரும் தேதியைப் பார்க்கவில்லை. பத்திரிகையில் பெயர் உள்ளவன் திருடமாட்டான் என்று நினைத்திருப்பார்கள்.

அவர் யாரோடும் சண்டை போடவில்லை. மனைவி வீடு வந்து சேர்ந்து தரையில் படுத்துவிட்டதைச் சொல்லும் கடைசி வரிக்குக் கீழே, புதிதாக ஒரு வரி சேர்த்து எங்கள் பத்திரிகைக்கு நன்றி சொல்லியிருந்தார்.

எனக்கு உடம்பே கூசியது. கூசியும், எங்கள் பக்கத்தை நான் திருத்தவில்லை.