ஸ்டேசன் மட்டும் விளங்கிய ஜெர்மன்காரன்

இன்று நெடுங்கேணியில் ஒரு ஜெர்மன்காரனை அநியாயமாக பஸ் ஏற்றிவிட்டோம்.

ட்ராக்டர் திருத்த வந்தவன். அது போடும் சத்தத்தை, ட்ராக்டரின் சொந்தக்காரர் கந்தையா அண்ணை வாயாலேயே போட்டுக் காட்டினார்.

அவன் முழித்துவிட்டு, தன் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான்.

"என்னவாம், மாஸ்டர்?" அண்ணை என்னைக் கேட்டார்.

"தனக்கு ரெயில்வே ஸ்டேசன் மட்டும்தான் விளங்குதாம்."

"பாவம், வீட்டு ஞாபகமாக்கும்." உடனே அண்ணை அவனைப் புளியங்குளம் ஸ்டேசனுக்கு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்.

ஜெர்மன் தெரிந்த பாதிரியார் பிறகுதான் சொன்னார்: 'ஒன்றும் விளங்கவில்லை' என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். ஆங்கிலேயர் என்றால், 'எனக்கு எல்லாம் கிரேக்கம்' என்பார்களாம்.

அண்ணையிடம் சொன்னேன்.

"நல்லகாலம், உவன் இங்கிலீசுக்காரனில்லை. கிரேக்கத்துக்கு நான் எந்த பஸ்ஸில ஏத்துறது?"

விதைப்பு நெருங்குகிறது. ட்ராக்டர் திருத்தத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். மரபுத்தொடர் பேசாத ஆளாக இருக்கட்டும்.