பேட்டரி அறைக்குப் போன சூரியகாந்தி

மூடிப்போன பேட்டரி தொழிற்சாலைக்குப் பின்னால் அரை ஏக்கர் மண் இருக்கிறது. மண் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். அதில் காரீயம் அவ்வளவு. அதை உறிஞ்சியெடுக்கச் சூரியகாந்தி வளர்ப்பதுதான் நம் தோட்டக்காரரின் உத்தியோகம். வளாகத்தில் இன்னும் இயங்கும் அலுவலகத்தில் அவர் பெயரே காரீயம் அண்ணன் என்றாகிவிட்டது. அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

ஆறு வருடமாக விதைத்தார், தண்ணீர் விட்டார், விஷம் வேரில்தான் அதிகம் தங்கும் என்பதால் கையுறை போட்டு வேரோடு பிடுங்கினார். மண் பரிசோதனையில் எண் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. இந்த வருடமும் குறையாவிட்டால் மேலே கான்கிரீட் போட்டு மூடிவிடுவார்களாம். அவர் வேலையும் அதோடு சரி.

பிடுங்கிய செடி எங்கேதான் போகிறது என்று ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தார். எங்கும் போகவில்லை. வளாகத்தின் ஓர் இலைகூட வெளியே போகக்கூடாது என்பது சுற்றறிக்கை. செடியை அரைத்து, மக்கவைத்து, உரமாக்கி அவரிடமே கொடுத்துவந்தார்கள். வருடா வருடம் பாசத்தோடு அதே மண்ணில் அள்ளிப் போட்டவரும் அவரேதான்.

மேலாளரிடம் போனார்.

“சார், செடி குடிச்சதை மறுபடியும் மண்ணுக்கே ஊட்டிட்டிருக்கோம்.”

“கழிவில்லா வளாகம்னு விருது வாங்கிட்டோமேப்பா. இப்பப் போய் கழிவு இருக்குன்னா நல்லாவா இருக்கும்?”

அண்ணன் அடுத்த அறுவடையைக் கட்டுக்கட்டாகக் கட்டி, செடியைச் சோதித்த ஆய்வகச் சீட்டை ஒவ்வொன்றிலும் ஒட்டி, பழைய பேட்டரி சேர்க்கும் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே சேர்வதெல்லாம் மாதம் ஒருமுறை அபாயக் கழிவு லாரியில் ஏறிவிடும்; இலைச் சுற்றறிக்கை அதற்குப் பொருந்தாது.

கிடங்குக்காரர் வழிமறித்தார். “என்னண்ணே, இது செடியில்ல?”

“சீட்டைப் படிங்க தம்பி.”

“காரீயம்னு போட்டிருக்கு.”

“காரீயம் இருக்கிறதெல்லாம் எங்க வரணும்?”

“இங்கதான். ஆனா பூ இருக்கேண்ணே.”

“பூவுக்குத் தனியா ரூல் இருக்கா?”

கிடங்குக்காரர் தேடிப் பார்த்தார். இல்லை. கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மண் பரிசோதனையில் எண் குறைந்தது. கொஞ்சம்தான், ஆனாலும் குறைந்தது. தம் உரத் திட்டம் பலன் தந்துவிட்டதாக மேலாளர் தலைமைக்கு எழுதினார். கான்கிரீட் வரவில்லை.

வீட்டில் மனைவிக்குத்தான் முகம் தெளியவில்லை. “ஏங்க, மண்ணு சுத்தமாயிட்டா அப்புறம் தோட்டக்காரன் எதுக்குன்னு கேப்பாங்களே.”

“இந்த வேகத்துல போனா இன்னும் நாப்பது வருஷம் ஆகும்.”

“உங்களுக்கு இப்பவே அம்பத்தி மூணு.”

“அதான் நானும் அவசரப்படல.”