தறி போட்ட தாளம்

கல்லூரி விழாவுக்காக நாங்கள் நாலு பெண்கள் என் வீட்டில் வைத்து ஒரு பாட்டு வீடியோ எடுத்தோம். கல்யாண வீடியோ எடிட் செய்யும் கடையின் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், என் குரலுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது.

"இந்த இரைச்சலை எடுத்தாதான் மேடையில போடுவேன்" என்றார் அதைப் பார்த்த விழாப் பொறுப்புப் பேராசிரியர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் தூங்குகிறேன், படிக்கிறேன். கடைக்குத் திரும்பிப் போய், கீபோர்டில் வாசித்திருந்த தாளத்தை அழித்தேன். தறிச் சத்தத்தில் ஒரு துண்டை வெட்டி, அதையே தாளமாகப் பாட்டு முழுக்க ஒட்டினேன்.

அவரிடம் காட்டாமலே விழாவில் சிடியைப் போட்டோம். 'தடக் தடக்' என்று கிளம்பியதும் அரங்கில் பாதிப் பேர் கைதட்டினார்கள். பேராசிரியர் ஓடிவந்து நிறுத்தச் சொன்னார்.

"எங்க தெருவுல அது ஓடிகினேதான் இருக்கும் சார். இங்க மட்டும் எதுக்கு நிக்கணும்?" என்றேன்.