மீன்சட்டி அகழ்வாராய்ச்சி

ஆறாம் தரத்துக்கு வரலாறு படிப்பிக்கத் தொடங்கிய முதல் தவணையிலேயே எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. அந்தப் பிள்ளைகளைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே காலங்கள்தான்: யுத்தத்தில் இடம்பெயர முன்னம், இடம்பெயர்ந்த பிறகு. கற்காலத்தைக் கேட்டால் முதலாவதற்குள் தள்ளிவிடுவார்கள். ஆதிமனிதன் ஏன் குகையில் வாழ்ந்தான் என்ற கேள்விக்கு, அப்போது வீட்டுத்திட்டம் வரவில்லை என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. யோசித்துப் பார்த்தால் அதில் பிழை ஒன்றும் இல்லை. அரைப் புள்ளி போட்டேன்.

அந்த அரைப் புள்ளிதான் அதிபரின் கண்ணில் குத்தியது. வகுப்பின் புள்ளிகள் ஏற்கெனவே தரையில் கிடந்தன. புதன்கிழமை வலயக் கல்விக் கந்தோரிலிருந்து ஓர் உத்தியோகத்தர் என் பாடத்தைப் பார்க்க வருகிறார் என்றும், அவர் திருப்திப்படாவிட்டால் வரலாற்றை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு எனக்கு உடற்கல்வியைத் தரப்போவதாகவும் அதிபர் சொன்னார். மன்னார்த் தீவிலிருந்து பாலம் தாண்டி பெரியமடுப் பக்கம் வரும் காலை பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதைத் தவிர நான் வேறெதற்கும் ஓடியவள் இல்லை. அதைவிட, வரலாறு நான் ஆசைப்பட்டுப் படித்த பாடம். அதைப் பறித்துக்கொண்டு கையில் விசிலைத் திணிப்பார்கள் என்று நினைக்க எனக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில் பிறந்ததுதான் அகழ்வாராய்ச்சி யோசனை. செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டபின், பின்வளவு வேம்பின் கீழ் மூன்று இடத்தில் குழி வெட்டினேன். மாமியாரின் வெடித்த மீன்சட்டியை ஒன்றில் கவிழ்த்து வைத்தேன். அடுத்ததில் பிடி உடைந்த பித்தளை அகப்பை, மூன்றாவதில் அறுந்த பாசிமணிகள். மண்ணை மூடி, மேலே சருகு தூவி, நூல் கட்டிச் சதுரம் சதுரமாகப் பிரித்தேன். மறுநாள் காலை பிள்ளைகளிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: இந்த நிலத்துக்குள் என்ன இருக்கிறதென்று எனக்கும் தெரியாது. பச்சைப் பொய். ஆனால் பாடத்துக்கு உயிர் வேண்டாமா?

புதன்கிழமை உத்தியோகத்தர் வேம்படியில் கதிரை போட்டு அமர்ந்தார். இருபத்தெட்டுப் பிள்ளைகளும் தேங்காய்ச் சிரட்டையும் பழைய பல்துலக்கும் தூரிகையுமாக மண்ணைக் கிளறத் தொடங்கினார்கள். பத்து நிமிடத்தில் முதற்சதுரத்தில் சட்டியின் வட்ட முதுகு தெரிந்தது. நான் வாயைத் திறக்குமுன் அந்தச் சதுரத்திலிருந்த பெண்பிள்ளை கையை உயர்த்தினாள்.

"ஒருத்தரும் அசையாதீங்கோ."

இவளை எனக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் வெடிபொருள் ஆபத்து பற்றிய விழிப்புணர்வுக்குப் பொறுப்பான ஆசிரியையும் நான்தான். போன வருடப் போட்டியில் முதற்பரிசாகப் பென்சில் பெட்டி கொடுத்ததும் இவளுக்குத்தான். இப்போது அவள் ஒரு சொல்லும் விடாமல் நான் படிப்பித்ததைச் செய்துகாட்டினாள். சட்டியைத் தொடவில்லை. பக்கத்தில் இரண்டு தடியைக் குறுக்காக வைத்தாள். தான் வந்த காலடித் தடத்திலேயே பின்னுக்கு நடந்தாள். இருபத்தேழு பேரும் அவளைப் போலவே பின்னுக்கு நடந்தார்கள். உத்தியோகத்தரும் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தன் காலடி எதுவென்று குனிந்து தேடித் தேடிப் பின்னுக்கு நடந்தார்.

அது வெறும் சட்டிதான் என்று நான் சொன்னேன். எனக்கும் தெரியாதென்று காலையில் சொன்ன ஆள் இப்போது சொன்னால் யார் நம்புவார்கள்? நான் உண்மையைச் சொல்லுவதா விடுவதா என்று தவித்த நேரத்தில் அதிபர் பொலிசுக்கு அறிவித்துவிட்டார். அவர்கள் சொல்லி, கண்ணிவெடி அகற்றும் பிரிவிலிருந்து நாலு இராணுவத்தினர் வாகனத்தில் வந்து இறங்கினார்கள். பிள்ளைகள் எல்லோரையும் தூரத்துப் பள்ளிவாசல் மதிலடிக்கு அனுப்பினார்கள். இனி மறைத்துப் பயனில்லை என்று நான் ஓடிப்போய், அவர்களில் தமிழ் தெரிந்த ஒருவரிடம், புதைத்தது நான்தான் என்று மதிலடிக்கும் கேட்கும்படி ஒப்புக்கொண்டேன்.

"பயப்பிடாதீங்கோ. அதை நான்தான் தாட்டனான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வேற எத்தினை தாட்டிருக்கு?"

"இன்னும் ரெண்டு."

அதற்குப் பிறகு என்னையும் மதிலடிக்குக் கொண்டுபோய், பக்கத்தில் ஒரு பொலிஸ்காரரையும் நிறுத்திவிட்டார்கள். யார் என்ன சொன்னாலும் அறிவித்த பொருளை முறைப்படிதான் எடுப்பார்களாம். ஒருவர் கவசமும் முகமறைப்பும் போட்டுக்கொண்டு மண்ணில் குப்புறப் படுத்தார். முதலில் நாடா பிடித்து எல்லை போட்டார். பிறகு சிறு கரண்டியால் பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சுரண்டினார். தூரிகையால் தூசி தட்டினார். எதையும் இழுக்கவில்லை, அவசரப்படவில்லை. நான் மூன்று வாரமாக அகழ்வு முறை என்று கரும்பலகையடியில் கத்தியது அத்தனையும் அங்கே நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் மதிலில் தொற்றிக்கொண்டு மூச்சுவிடாமல் பார்த்தார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு, மூன்று குழியையும் முடித்து அவர் எழுந்து என் மாமியாரின் மீன்சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

உத்தியோகத்தர் தன் படிவத்தை நிரப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவ்வளவுதான், வரலாறு போய்விட்டது என்று நினைத்தபடி போனேன்.

"ரீச்சர், ரெண்டு மணித்தியாலமா ஒரு பிள்ளையும் தண்ணி குடிக்கப் போகக் கேக்கேல்லை. நான் இப்பிடி ஒரு வகுப்பைக் கண்டதில்லை."

செய்முறை மிகச் சிறப்பு என்று எழுதியிருந்தார். சட்டியைப் பற்றி எழுதவில்லை. அதிபர் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, எனக்கென்று எடுத்து வைத்திருந்த விசிலைத் திரும்ப மேசை லாச்சிக்குள் போட்டார்.

ஆனாலும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. பின்னேரம் நூலைச் சுற்ற உதவிக்கு நின்ற அந்தப் பெண்பிள்ளையிடம், ரீச்சரே சட்டி என்று சொன்னபிறகும் நம்பாமல் இப்படி மானத்தை வாங்கலாமா என்று சிடுசிடுத்தேன். அவள் நூலை விடாமல் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"எங்கட வாப்பாவும் சட்டியெண்டு நினைச்சித்தான் ரீச்சர் வெட்டினவர்."

அவளுடைய தகப்பன் பொய்க்கால் போட்டு நடப்பவர். பெற்றோர் கூட்டத்துக்கு வந்து வாசலோரக் கதிரையில் இருப்பார். ஊருக்குத் திரும்பிவந்து காணி துப்புரவாக்கும்போது நடந்தது என்று பிறகுதான் கேட்டு அறிந்தேன். அன்றைக்கு அவள் கையிலிருந்த நூலின் மறு நுனியை வாங்கி நானும் சுற்றினேன். வெட்கமாக இருந்தது.

தவணைப் பரீட்சையில், தொல்பொருளொன்றைக் கண்டால் ஆய்வாளர் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு கேள்வி வந்தது. புள்ளித் திட்டத்தில் படம் எடுத்தல், அளத்தல், பதிவுசெய்தல் என்று இருந்தது. என் வகுப்பில் இருபத்தெட்டுப் பேரும், தொடக்கூடாது, தடி வைக்க வேண்டும், வந்த வழியே திரும்பிப்போய்ப் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அவள் மட்டும் கீழே இன்னொரு வரி சேர்த்திருந்தாள்: தானே தாட்டது என்று ஆசிரியர் சொன்னாலும் நம்பக்கூடாது.

எல்லோருக்கும் முழுப் புள்ளி போட்டேன். அவளுக்கு ஒரு புள்ளி கூடுதலாகப் போட்டேன்.