மார்பு என்று சொல்லி ஜெபித்தேன்

என் இடது மார்பு கல்லாகிப் போனது. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கூச்சப்படுகிறவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம். திருப்பாமல் இருந்தால் இன்னும் நல்லது.

பென்னலூரில் வீடு. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. இரண்டு வருடங்களுக்கு முன் மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்து, மெட்ராஸில் அந்த மார்பையே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தேன். அதற்கு அப்போதே சபையில் சாட்சி சொல்லிவிட்டேன். இது அதற்குப் பிறகு நடந்த கதை.

மார்பு போன இடத்தில் பழைய துணியைச் சுருட்டி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பெட்டி தூக்கக் குனிந்தால் துணி வயிற்றுக்கு இறங்கிவிடும். லைனில் நிற்கிற பிள்ளைகள் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதனால், உள்ளே சிலிகான் பை வைத்துத் தைத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதும் யோசிக்காமல் தலையாட்டினேன்.

சில மாதங்கள் நன்றாகத்தான் இருந்தது. 1991 பிறந்த பிறகு அது இறுகத் தொடங்கியது. இறுகி, மெல்ல மேலே ஏறி, தோள்பட்டைக்குக் கீழே தேங்காய் மூடியைக் கவிழ்த்த மாதிரி நின்றது. கையைத் தூக்கினால் உயிர் போகும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது. மறுபடியும் ஆபரேஷன் செய்துகொள்வதா, இப்படியே விடுவதா என்று தெரியவில்லை. விட்டால் வலி. போனால், பழைய நோய்தான் திரும்பி வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தில் டாக்டர் பக்கமே போகவில்லை. கை வலி என்று வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு மட்டும் தவறாமல் போனேன். நம் சபைகளில் பெண்களுக்குக் கழுத்துக்குக் கீழே என்ன வந்தாலும் அதற்கு ஒரே பேர்தான், சரீர பலவீனம். கர்ப்பப்பைக் கட்டியும் அதுதான், மூலமும் அதுதான். நானும் கையைத் தூக்க முடியாமல் தூக்கி, "சரீர பலவீனத்துக்காக ஜெபியுங்கள்" என்பேன். எல்லோரும் உருகி ஜெபித்தார்கள். இடுப்பு வலி என்று நினைத்து ஒரு சகோதரி தைலம்கூடக் கொடுத்தார். வீட்டில் தனியாக முழங்கால் போட்டாலும் எனக்கு அதே வார்த்தைதான் வந்தது. யாருக்கும் தெரியாமல், கத்தி படாமல், இது இளகிவிட வேண்டும் என்று கேட்டேன். இளகவில்லை.

அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது. அதைச் செய்தவள் உடம்பில் குண்டைக் கட்டிக்கொண்டு வந்த ஒரு பெண் என்று ஊரே பேசியது. அதற்கு முன்பெல்லாம் கம்பெனி கேட்டில் சாயங்காலம் சாப்பாட்டுப் பையை மட்டும் பார்ப்பார்கள். இப்போது காலையில் உள்ளே போகும்போதே பெண்களைத் தடவிச் சோதிக்க ஆரம்பித்தார்கள். அதற்காகக் குன்றத்தூரிலிருந்து கோமளா என்று ஒரு அம்மாவைக் காவலுக்கு வைத்தார்கள்.

முதல் நாள் வரிசையில் என் முறை வந்தது. கோமளாவின் கை இடது பக்கம் வந்ததும் நின்றுவிட்டது. அவள் முகம் வெளுத்துப்போனது.

"இன்னாம்மா இது? இன்னா வச்சிகினு கீற?"

வரிசை கலைந்து ஓடியது. ஆண் காவலாளி போலீசைக் கூப்பிடுவதாகச் சத்தம் போட்டான். கோமளா அவனைப் பார்த்து, "இரு, பொம்பள சமாச்சாரம், நான் பாத்துக்கறேன்" என்றாள். என்னைக் காவல் அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். பயந்துகொண்டேதான் என்னோடு உள்ளே வந்தாள். அதை நான் மறக்க மாட்டேன்.

ஜாக்கெட்டை அவிழ்த்துக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கிட்டே குனிந்து பார்த்தாள். "வலிக்குதாம்மா?" என்றாள்.

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. எப்படிக் கேட்பார்கள், நான்தான் யாரிடமும் சொல்லவில்லையே. அழுது தீர்த்தேன்.

"டாக்டராண்ட காட்டுனியா?"

"இல்ல. ஜெபம் பண்ணிகினு கீறேன்."

"சாமியாண்ட இன்னான்னு கேட்ட?"

"சரீர பலவீனம்னு."

"அப்டின்னா?"

விளக்கிச் சொன்னேன். கோமளா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "சாமியாண்ட கூடவா மாருன்னு சொல்லக் கூடாது? அவரு குடுத்ததுதானே?"

எனக்குச் சுருக்கென்றது.

அன்று வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, என் மார்பு கல்லாகிவிட்டது. வலிக்கிறது. பயமாக இருக்கிறது. அறுப்பதா வேண்டாமா, நீரே சொல்லும்" என்றேன். வானத்திலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. ஆனால் எழுந்தபோது பயம் பாதியாகியிருந்தது. அந்தச் சூட்டிலேயே வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லி, மெட்ராஸுக்குக் கூட்டிப் போகச் சொன்னேன்.

டாக்டர் சோதித்துப் பார்த்தார். பழைய நோய் திரும்பவில்லை என்றார். பையைச் சுற்றி உடம்பே ஒரு தழும்பு உறையைக் கட்டியிருக்கிறது, அது சுருங்கி இறுகிவிட்டது, சிலருக்கு இப்படி ஆகும் என்றார். உறையை எடுத்துப் புதுப் பை வைக்கலாம், அது மறுபடி இறுகவும் செய்யலாம். அல்லது பையையே எடுத்துவிடலாம். இப்படியே விட்டாலும் உயிருக்கு ஆபத்தில்லை. "உங்களுக்கு என்னம்மா வேண்டும்?" என்று கேட்டார்.

"கையைத் தூக்கணும். இந்தப் பக்கம் படுக்கணும்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, நான் கேட்டதில் மார்பு இல்லை. எடுத்துவிடுங்கள் என்றேன். இதுதான் எனக்குக் கிடைத்த பதில் என்று நம்புகிறேன்.

வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். "வெக்கும்போது என்னைக் கேட்டியா? எடுக்கும்போது மட்டும் இன்னாத்துக்குக் கேக்கற?" என்றார். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

எடுத்துவிட்டார்கள். காயம் நன்றாக ஆறியது. இப்போது இரண்டு கையையும் தூக்கி ஆராதிக்கிறேன். துணி உருட்டுவதில்லை, ஒரு பக்கம் தட்டையாகவே வேலைக்குப் போகிறேன். லைன் பிள்ளைகள் கேட்டார்கள், சொன்னேன். கேட்டில் கோமளா தினமும் தடவிப் பார்த்து, "போ, போ" என்று முதுகில் தட்டுவாள்.

போன வாரம் தட்டவில்லை. காதருகே குனிந்து, "எனக்கும் ஒண்ணு கீதும்மா. கோலிகுண்டு மாதிரி. ஊட்ல யாருக்கும் தெரியாது" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரிடம் நான் கூட வருகிறேன் என்றேன். சபையில் ஜெபிக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"சொல்லு. எம் பேரச் சொல்லு. அதும் பேரயும் சொல்லு" என்றாள்.

வருகிற திங்கட்கிழமை இருவரும் மெட்ராஸ் போகிறோம். எனக்குச் செவிகொடுத்தவர் அவளுக்கும் கொடுப்பார், இதை வாசிக்கிற உங்களுக்கும் கொடுப்பார். மறைத்து வைத்திருப்பதை அவரிடம் அப்படியே சொல்லுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். கோமளாவுக்காகவும் ஜெபியுங்கள். சரீர பலவீனம் என்று சொல்லாதீர்கள். கோமளாவின் மார்பில் ஒரு கட்டி இருக்கிறது என்று சொல்லி ஜெபியுங்கள்.